சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பிள்ளை: வீட்டார் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பெண் சோற்றைக் குறைக்க ஆரம்பித்தால் அவளுக்கு முதலில் கிடைப்பது பாராட்டுதான். "ஸ்லிம் ஆயிட்டியே, என்ன பண்றே?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே நாலு பேர் "என்னம்மா, எலும்பும் தோலுமா ஆயிட்டே, காமாலையா?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் நோய் வேர் பிடிக்கிறது. வைத்தியம் சுலபமாக இருக்கும் காலமும் அதுதான்.

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஈட்டிங் டிஸார்டர் எனப்படும் உண்ணல் கோளாறுக்கென்றே தனி வார்டு, தனி கிளினிக் என்பது நம் ஊரில் அரிது. ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கும் டாக்டர்களை வீட்டார்தான் ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் உயிர், அடுத்து சாப்பாடு, அதற்குப் பிறகுதான் மனசு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "ஏன் இப்படி ஆனா? யார் என்ன சொன்னாங்க?" என்று காரணம் தேடுவதிலேயே ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

முதல் படி: இது அந்த நோய்தானா?

நான்கு வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும். அனோரெக்ஸியா நெர்வோசா என்பது சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டே போவது. எடை இறங்க இறங்க இன்னும் இறங்க வேண்டும் என்று தோன்றுவது. புலிமியா என்பது கொஞ்ச நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தியாலோ பேதி மாத்திரையாலோ பட்டினியாலோ அதை ஈடுகட்டப் பார்ப்பது. பிஞ்ச் ஈட்டிங்கில் அதே கட்டுப்பாடில்லாத சாப்பாடு இருக்கும், ஈடுகட்டும் வேலை இருக்காது. ஒளித்துச் சாப்பிடுவதும் வெட்கமும் இருக்கும். நான்காவது ஆர்ஃபிட். இதில் எடையைப் பற்றிய கவலையே கிடையாது. சாப்பாட்டின் வழவழப்பு, வாசனை, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் இவற்றால் சாப்பிட முடியாமல் போகிறது. கடைசி இரண்டும் 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில்தான் தனி நோய்களாக இடம்பெற்றன. அதனால் அனுபவமுள்ள டாக்டரே "அப்படி ஒரு வியாதியா?" என்று கேட்டாலும் திகைக்க வேண்டாம்.

இந்த வர்ணனையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நம் வீட்டில் நடப்பது பிடிபடாமல் போகலாம். நம் பிள்ளைகளில் பலர் "குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "பசிக்கல", "வயிறு உப்புசமா இருக்கு", "நெஞ்சுல அடைக்குது" என்பார்கள். எடைப் பயத்தைச் சொல்லாத அனோரெக்ஸியாவை ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். வயிற்றைச் சொல்வதால் குடும்பம் வயிற்று டாக்டரிடம் போகும், எண்டோஸ்கோபி எடுப்பார்கள், அல்சர் மாத்திரை இரண்டு மாதம் ஓடும். பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல் நோய் எல்லாவற்றையும் விலக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் பிள்ளை இளைத்துக்கொண்டே போனால், அடுத்த ஸ்கேனுக்கு அலைவதை விட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் கண்ணில் படுபவை வேறு மாதிரி இருக்கும். இட்லியை நகத்தளவு பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தோசைக்கு எவ்வளவு எண்ணெய் விடுகிறீர்கள் என்று அடுப்படியில் வந்து நின்று பார்ப்பாள். தான் ஒரு துண்டு தொடாமல் வீட்டில் எல்லாருக்கும் கேக் செய்து ஊட்டுவாள். "ஸ்கூல்லயே சாப்ட்டேன்" என்பாள். டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்தது போல வரும். சாப்பிட்டு எழுந்ததும் பாத்ரூமில் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்கும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு குளிருகிறது என்பாள். மாதவிலக்கு நின்றுபோகும். அதற்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்து விலக்கை வரவழைத்தால் எல்லாம் சரியானது போலத் தெரியும். பட்டினி மட்டும் அப்படியே தொடரும். பல்லையும் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் அரித்துப்போகும். பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார் என்பதும் உண்டு.

"அவள்" என்றே எழுதிக்கொண்டு போகிறேன், அவனுக்கும் வரும். ஜிம்முக்குப் போகும் பையன் "கட்டிங்ல இருக்கேன், கொழுப்பைக் குறைக்கிறேன்" என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதேபோல, பருமனாக இருப்பவருக்கு வராது என்பதும் தப்பு. நிறைய எடை இருந்து வேகமாகக் குறைந்த ஒருவருக்கு, பார்க்க ஒல்லியாக இல்லாவிட்டாலும், இதயத்துக்கு அதே ஆபத்து உண்டு. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று போன இடத்தில் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்று சொன்ன ஒற்றை வரி பல பேருக்கு ஆரம்பமாக இருக்கிறது. டைஃபாய்டு, காமாலைக்குப் பத்தியம் இருந்து அதிலிருந்து மீளாதவர்களும் உண்டு.

சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்க ஸ்காஃப் என்று ஐந்து கேள்விகள் இருக்கின்றன. லண்டன் மருத்துவர்கள் 1999-ல் வெளியிட்டவை. வயிறு நிறைந்து சங்கடமாக இருக்கிறது என்று நீயாகவே வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதே என்று கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறாயா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உனக்கு நீ குண்டு என்று தோன்றுகிறதா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆட்டிவைக்கிறது என்று சொல்வாயா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வந்துவிட்டதே என்று நிம்மதியடையவும் வேண்டாம். இந்த நோயில் மறைப்பது நோயின் ஒரு பகுதி. வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டும் என்றுகூட இல்லை, ஏற வேண்டிய வயதில் ஏறாமல் நின்றாலே அது அடையாளம்தான்.

இரண்டாம் படி: உயிருக்கு ஆபத்து உண்டா?

மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. பட்டினியால் இதயம் பழுதாவதும் தற்கொலையும் இதற்குக் காரணங்கள். அதனால் ஆலோசனை, கவுன்சிலிங் எதற்கும் முன்னால் உடம்பைப் பாருங்கள். வீட்டிலேயே செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லி, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ணுங்கள். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் அதிலேயே காட்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி:

- விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே
- பி.பி.யின் மேல் எண் 90-க்குக் கீழே
- உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே
- எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவது, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு
- வாந்தியில் ரத்தம். தொடர் வாந்தியோடு தசைப்பிடிப்பும் சோர்வும்
- சில நாட்களாகக் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதது, தண்ணீரையும் மறுப்பது
- இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை ஊசியைத் தவிர்ப்பது
- சாக வேண்டும் என்ற பேச்சு

"அவ ரன்னர், அதான் நாடி ஸ்லோ" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஓடுகிற பிள்ளை சாப்பிடாமலும் இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை சோர்ந்து கிடந்தால் தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்பது நம் வழக்கம். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு அது ஆபத்து. திடீரென்று சர்க்கரைச்சத்து ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். வீட்டில் "இன்னைக்காவது வயிறு நிறையச் சாப்பிடட்டும்" என்று விருந்து வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. ஐந்து நாளுக்கு மேல் பெரும்பாலும் பட்டினி என்றால், சாப்பாட்டைக் கூட்டும் வேலை ரத்தப் பரிசோதனை வசதியும் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கத் தெரிந்த டாக்டரும் இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

போக வேண்டியது எந்த ஆஸ்பத்திரி? பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டும் உண்டு. அவசரம் என்றால் 108. சென்னையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பெரிய நிறுவனம்தான். ஆனால் பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும் நிலையில் முதலில் நிற்க வேண்டிய வாசல் பொது மருத்துவமனையுடையது.

மூன்றாம் படி: டாக்டரிடம் என்ன சொல்வது?

ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள். "சரியா சாப்பிட மாட்டேங்குறா டாக்டர்" என்று ஆரம்பித்தால் சத்து டானிக்கோடு திரும்பி வருவீர்கள். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி:

"டாக்டர், ஆறு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சிருக்கா. மூணு மாசமா பீரியட்ஸ் வரல. போன ரெண்டு நாள் என்ன சாப்பிட்டான்னு இதுல எழுதியிருக்கேன். சாப்பிட்டதும் வாந்தி எடுக்கறான்னு சந்தேகம். நேத்து நாடி பாத்தேன், 52 இருந்துச்சு. ஈட்டிங் டிஸார்டரா இருக்குமோன்னு பயமா இருக்கு. ஈ.சி.ஜி.யும் எலக்ட்ரோலைட்டும் பாக்கணும், சைக்கியாட்ரிக்கு ரெஃபர் பண்ணுங்க."

எலக்ட்ரோலைட் (ரத்தத்திலுள்ள உப்புகள்) என்று எழுதினால் சில இடங்களில் சோடியமும் பொட்டாசியமும் மட்டும்தான் பார்ப்பார்கள். பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, ரத்த அணுக்கள், கிட்னி, கல்லீரல், தைராய்டு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். பி.பி.யைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவுகள் சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. மோசமாக நலிந்த உடம்பு கூட ரத்த எண்களைக் கடைசிவரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும்.

டாக்டர் பிள்ளையைத் தனியாகப் பேச விடச் சொன்னால் விடுங்கள். எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துக்கொள்ளும்படி நர்ஸிடம் கேட்பதும் நல்லது. அந்த ஒரு எண் பல பிள்ளைகளுக்கு ஒரு வாரச் சாப்பாட்டைத் தீர்மானித்துவிடும்.

நான்காம் படி: ஆட்களைச் சேர்ப்பது

தேவைப்படுவது மூன்று பேர். உடம்பைக் கவனிக்க ஒரு பொது மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர். ஒரு மனநல மருத்துவர். பேச்சு வழி சிகிச்சைக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். டயட்டீஷியன் கிடைத்தால் நல்லது. ஆனால் எடைக் குறைப்பு பேக்கேஜ் விற்கும் டயட்டீஷியனிடம் இந்தப் பிள்ளையைக் கூட்டிப் போகவே வேண்டாம். கலோரி சார்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

"கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள்; கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "உண்ணல் கோளாறு உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்ற இரண்டு கேள்விகளையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவிச் சேவை. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவைக் கேளுங்கள். அவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்த நாள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிஞ்சும். உள்ளூரில் சமாளிக்க முடியாத நிலை என்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ். குடும்பத்தார் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது வேலூரில் நெடுங்கால நடைமுறை. 18 வயதுக்குக் குறைந்தவரை மனநலப் பிரிவில் சேர்க்கும்போது பெற்றோரோ துணையாளோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. "உள்ள விட்டுட்டு வந்துடணுமோ" என்ற பயம் வேண்டாம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப் போக வேண்டும் என்று பாட்டி சொன்னால் அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. அதோடு உபவாசம் இருக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுச் சாப்பாட்டு மேசை

பெரும்பாலான வேலை நடப்பது இங்கேதான். பதின்வயதுப் பிள்ளைகளின் அனோரெக்ஸியாவுக்கு இன்று அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்ப வழிச் சிகிச்சை. அதன் சாரம் இது: கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டு முடிவுகளை அம்மா அப்பா கையில் எடுத்துக்கொள்கிறார்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்பதில் பிள்ளைக்கு ஓட்டு கிடையாது. எடையும் உடல்நிலையும் தேறத் தேற, கொஞ்சம் கொஞ்சமாக உரிமை திரும்ப அவள் கைக்குப் போகிறது. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும்.

மனசைச் சரிசெய்யாமல் சாப்பிட வைத்து என்ன பயன் என்று கேட்பார்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். மனநோய் எதுவும் இல்லாத அந்த ஆட்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப்போனார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள், சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள். பட்டினியே மனசை இப்படி ஆக்கும். பட்டினியில் இருக்கும் மூளையோடு ஆழமான பேச்சு பேசிப் பலன் குறைவு.

தினமும் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி. நேரம் தவறக் கூடாது. தட்டை நீங்கள் போடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதையே சாப்பிடுங்கள். டி.வி. ஓடட்டும், சினிமாக் கதை பேசுங்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

ஒரு காலை நேரத்தைப் பாருங்கள். தட்டில் மூன்று இட்லி, நல்லெண்ணெய் விட்ட பொடி. அவள் எண்ணெயை இட்லியால் ஒற்றி ஓரத்துக்குத் தள்ளுகிறாள். "நீ வேணும்னே எண்ணெய் ஊத்துற" என்கிறாள். இந்த இடத்தில் வாதாடினால் தோற்றுவிடுவீர்கள். எண்ணெய் நல்லதா கெட்டதா என்பதில் அவள் உங்களைவிட நிறையப் படித்திருப்பாள். "கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. இதான் இன்னைக்கு மருந்து. நான் இங்கேயேதான் இருக்கேன், அடுத்த வாய் எடு" என்று அதே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அழுவாள், தட்டைத் தள்ளுவாள், உங்களை வெறுப்பதாகச் சொல்வாள். நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். முடித்த பிறகு "அப்பாடா, எல்லாம் காலி பண்ணிட்டே!" என்று கைதட்ட வேண்டாம், அவள் காதில் அது குற்றப்பத்திரிகையாகத்தான் விழும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் அவளோடு இருங்கள், பாத்ரூமுக்கு முன்னாலேயே போய்வரச் சொல்லுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்க விடாதீர்கள். தண்ணீரில் கொப்பளித்தால் போதும், துலக்கினால் எனாமல் இன்னும் தேயும்.

"முகம் தெளிஞ்சுடுச்சு", "நல்லா பூசினாப்ல இருக்கே" என்று பார்க்க வந்த அத்தை சொன்ன வார்த்தையால் அன்று ராத்திரிச் சாப்பாடு கெட்டுப்போவதுண்டு. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்: உடம்பைப் பற்றி, நல்லதாகக்கூட, ஒரு பேச்சும் வேண்டாம். எடை மெஷினை அலமாரிக்குள் பூட்டுங்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பேசுகிற வீட்டில் நோய் அந்த இடைவெளியில் புகுந்துகொள்ளும். "பாவம், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு" என்று தாத்தா சொல்கிற வீடும் அப்படித்தான்.

சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம் எதுவாக இருந்தாலும், நோய் தீரும்வரை விரதம் கூடாது. அவளே பிடிவாதமாகக் கேட்டால் அது பக்தியா நோயா என்று ஆராய வேண்டாம். உடல்நிலை சரியில்லாதவருக்கு எல்லா மதத்திலும் விலக்கு உண்டு. மதப் பெரியவர் ஒருவர் வாயால் அதைச் சொல்ல வைத்தால் வேலை சுலபமாகும்.

புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும், குறிப்பாக வயது வந்தவர்களுக்கு, முதல் சிகிச்சை சி.பி.டி. என்ற பேச்சு வழி முறை. புலிமியாவுக்கு ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரை உதவும். அனோரெக்ஸியாவை மாத்திரை மட்டும் குணமாக்காது; அங்கே மருந்து சாப்பாடுதான்.

பணம்

அரசு மருத்துவமனையில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். தனியார் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் வார்டில் சேர்ந்தால்தான் பணம் தரும், ஓ.பி. செலவும் வாராந்தர சைக்காலஜிஸ்ட் கட்டணமும் உங்கள் கையிலிருந்துதான். அனுமதிக்கும்போது கேஸ் ஷீட்டில் குறைந்த நாடி, குறைந்த பொட்டாசியம் போன்ற உடல் காரணங்கள் உள்ளபடி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனநோய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நிராகரித்தால் எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் பிறகு காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனுக்கும் போகலாம்.

பள்ளிக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. வகுப்பிலிருந்து விலக்கு, மதிய உணவின்போது ஒரு டீச்சர் பக்கத்தில், வகுப்பில் எடை பார்க்கும் நாளில் விடுப்பு. இந்த மூன்றையும் டாக்டர் கடிதத்தோடு கேளுங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை என்றால் கொஞ்ச காலம் வீட்டுக்கு அழைத்து வருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடப் படிப்பு போகலாம். நீட் அடுத்த வருடமும் வரும்.

இதைப் படிக்கும் நீங்களே நோயாளி என்றால்

வீட்டில் சொல்ல முடியாவிட்டாலும் 14416-ல் சொல்லலாம். 18 வயது ஆகிவிட்டால் மனநலப் பிரிவு ஓ.பி.க்கு நீங்களே போய்ச் சீட்டு வாங்கலாம். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது சட்டப்படி அவர்கள் கடமை. வெட்கத்தில் டாக்டரிடம் விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: வாந்தி, பேதி மாத்திரை. அவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும், பொட்டாசியம் பார்ப்பார்கள். வாயால் வரவில்லை என்றால் போனில் டைப் செய்து காட்டுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050 என்ற எண்ணையும் அழைக்கலாம்.